காபியில் கரைந்த ஆராய்ச்சி

தானாக நகரும் எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நம்பி அடுப்படியை விடக்கூடாது. தொண்ணூறுகளில் அடையாறில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான் அந்த ரகம். தம்மைத் தாமே உந்திக்கொண்டு ஓடும் துகள்கள், வழியெல்லாம் தாறுமாறாகத் தடைகள் கிடந்தால் எப்படிப் போகும் என்பது என் ஆராய்ச்சி. (அம்மா அக்கம்பக்கத்தில் "ஏதோ தூசி பத்திப் படிக்கறா" என்று சொல்லிவைத்திருந்தாள்.)

அன்று மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா என் கையில் மல்லிகைச் சரத்தைக் கொடுத்துவிட்டு பஜ்ஜி மாவு கரைக்கப் போனாள்.

கூடத்து ஜன்னலடியில், அகலமான பேசினில் லாரித் தண்ணீர் தெளிந்து நின்றது. குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் காபிக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்தது. அதில் விழுந்த வெயில் சுவரில் நெளிந்தது. சர்க்கரைப் பொங்கலுக்கு வைத்திருந்த பச்சைக் கற்பூரத்தில் சில துணுக்குகளைக் கிள்ளிப் போட்டேன். ஓடத் தொடங்கின. கற்பூரம் அப்படித்தான், கரையக் கரையத் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகும்.

மல்லிகையை உதிர்த்துக் குறுக்கே மிதக்கவிட்டேன். நேராகப் பாய்ந்த துணுக்குகள் பூக்களின் இடுக்கில் மாட்டிக்கொண்டன. சும்மா சுற்றித் திரிந்த ஒன்று மட்டும் எங்கோ ஒரு சந்தைக் கண்டுபிடித்து வெளியே வந்தது. அதன் பின்னாலேயே நானும் பூக்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். மின்விசிறி, தெருச் சத்தம், கல்யாணம் எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"ஏண்டி, அவாள்லாம் வாசலுக்கே வந்தாச்சு! நீ இன்னும் புடவை கட்டிக்கலையா?"

அறைக்குள் ஓடினேன். பூ மிதக்கும் பேசினைப் பார்த்து அம்மா உருகிவிட்டாளாம். வருகிறவர்களுக்காகப் பெண் தண்ணீருக்கு வாசனை ஏற்றியிருக்கிறாள்! பூவை மட்டும் வழித்தெடுத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே டிகாக்‌ஷன் போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "பேஷ்! பெருமாள் கோவில்ல நிக்கற மாதிரின்னா இருக்கு."

"இது காபியா, தீர்த்தமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் இருந்திருக்கலாம். "ஐயோ, அது என் ஆராய்ச்சி! கற்பூரம் தண்ணில தானா ஓடும், அதைப் பாக்கப் போட்டது!" என்று கத்திவிட்டேன்.

"ஆராய்ச்சியைக் கரைச்சுக் குடுக்கறதுதான் உங்காத்து வழக்கமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும்.

என் அப்பா பஜ்ஜித் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், "நிஜமாவே தானா ஓடுமா?" என்று எழுந்து வந்தார். பேசினில் மிச்சமிருந்த தண்ணீரில் அவரே ஒரு துணுக்கைப் போட்டார். அது அசையவே இல்லை.

"ஓடலையே."

"எண்ணெய் பட்டா ஓடாது. நீங்க பஜ்ஜி சாப்பிட்டேள்."

சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"சோப்பும் ஆகாது." (மாப்பிள்ளையிடம் நான் பேசிய மூன்றாவது வாக்கியம்.)

முணுமுணுக்காமல் திரும்பவும் போய் அலம்பிக்கொண்டு வந்தார். பேசினைக் கொட்டி அலம்பிவிட்டு, குடத்தில் இருந்த கடைசி நல்ல தண்ணீரை ஊற்றினேன். துணுக்கு சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. இரண்டு தலைகளும் குனிந்தன.

"எங்க போறது?" என்றார் மெதுவாக.

"அதுக்கே தெரியாது."

கூடத்தில் பெரியவர்கள் இருமிப் பார்த்தார்கள். எங்கள் காதில் விழவில்லை.

கல்யாணம் நடந்தது. மாமியார் இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "நீ உக்காரும்மா" என்று என்னை அழுத்தி உட்காரவைத்துத் தானே உள்ளே போவார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருநாள்கூடக் காபி போடும் வேலை எனக்கு வந்ததில்லை. (நானும் வற்புறுத்தியதில்லை.)