குவைத் மாமியின் கோழிச் சுருள்

எங்கள் நாவற்குடாவில் குவைத் மாமி தொடங்கித் தோற்ற காரியம் ஒன்றுகூட இல்லை. வெல்லுமுன் விட்டால்தானே தோற்பதற்கு!

சுனாமி அவருடைய குசினியைக் கொண்டுபோனது. மகள் சுதா மட்டும் தப்பினாள். மாமி குவைத்தில் பார்த்த சமையல் வேலையை உதறிவிட்டு வந்து இறங்கினார். எல்லோரும் நிவாரணமாகக் கிடைத்த நீலப் பீப்பாயில் தண்ணீர் பிடித்தார்கள். மாமி தன் பீப்பாயை இரண்டாகப் பிளந்து, மண் நிரப்பி, சலாதுக் கீரை விதை போட்டார். மேலே கூடாரத் துணியால் நிழல். சனம் வெயிலில் காய்ந்தது. சலாது சொகுசாக வளர்ந்தது.

“என்ன மாமி, மாடு வளக்கப் போறீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்டேன்.

“கோழிய இதுக்குள்ள சுத்தித் தின்னுற தம்பி. குவைத்தில என்னோட குசினியில நிண்ட பிலிப்பைன்ஸ்காரி பழக்கினவள். நீ எங்க கண்ட?”

தெருவே காணாத அந்தப் பண்டத்துக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் வேளை வந்தது. சுதா மனம் வைத்த பையன் வாவிக்கு அக்கரையில், வெல்லாவெளியில் இருந்தான். யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்துவிட்டது, பையனின் தகப்பன் மனம் திறக்கவில்லை. அவர் நிறைய வயல் வைத்திருந்த போடியார். “டவுன் பக்கத்துப் புள்ளைக்குச் சோறாக்கத் தெரியுமா?” என்று ஆள் விட்டுக் கேட்டவர், ஒருமுறை வந்து பார்க்க மட்டும் சம்மதித்தார்.

சுதா அழாக்குறையாகக் கெஞ்சினாள். “சோறு கறி ஆக்குங்கம்மா. அந்த இலை மட்டும் வேணாம்!”

“சோறு அவர்ர வட்டை வயலிலயே விளையுது மனே. அத அவருக்கே காட்டுறதா?”

விடியவே மாமி கோழியைக் கத்தியால் கொத்தத் தொடங்கினார். இஞ்சி, உள்ளிப் பூண்டு, சோயா சோஸ், இடித்த கச்சான் கடலை என்று ஒவ்வொன்றாகச் சட்டியில் விழ, வாசம் வீதிக்கு வந்தது. கதிரை கொடுக்கப் போன நான் அதே கதிரையில் இருந்துவிட்டேன்.

மத்தியானம் வந்திறங்கிய போடியார் முன்னால் தட்டு, தட்டில் சலாது இலை, இலையில் கோழி. மனிதர் சோறு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எப்படித் தின்பது என்று சொல்லவேண்டிய மாமியோ அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டார். போடியார் கோழியை மட்டும் விரலால் கிள்ளித் தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் வழித்துத் தின்பது அழகில்லை என்று பாதியில் நிறுத்தி, இலையில் கை வைத்தார்.

நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். சாப்பிட்ட இலையைத் தன் பக்கம் மடித்தால் உறவு வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவீட்டு முறை.

போடியார் தன் பக்கமே மடித்தார்.

அந்நேரம் பார்த்து வெளியே வந்த மாமி, “ஆ, அப்பிடித்தான் அண்ணன்! அப்பிடியே தூக்கி வாயில வைங்க!” என்று கத்தினார்.

“என்ன, எச்சில் இலையையா?”

“இலையும் சேத்துத்தான் அண்ணன் சாப்பாடே!”

போடியார் வாயில் வைத்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. சுதா கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நம்மட மாடுகள் குடுத்து வைச்சதுகள்” என்றார் போடியார். பிறகு தட்டை நீட்டினார். “இன்னும் ரெண்டு வைங்க தங்கச்சி. மறுகா கலியாணத்துக்கு நாள் பாப்பம்.”

கல்யாணப் பந்தியிலும் கோழிச் சுருள் வந்தது. இலையை மிச்சம் விட்ட எவரையும் மாமி எழும்ப விடவில்லை.

போன வருடம் மாமி காலமானார். முப்பத்தோராம் நாள் பந்தியில் எல்லோரும் முறைப்படி இலையை எதிர்ப்பக்கம் மடித்தார்கள். எனக்குக் கை வரவில்லை. என் பக்கமாக மடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். பக்கத்தில் இருந்த போடியாரும் அப்படித்தான் மடித்திருந்தார்.