ஊது கம்பவுண்டர் அளந்த மூச்சு

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் குடியிருந்தவர்களில் ஊது கம்பவுண்டரின் ரப்பர் குழாயில் வாய் வைக்காதவன் ஒருவன்கூடக் கிடையாது. வைக்கவில்லை என்று யாராவது சொன்னால், அவன் அச்சரப்பாக்கத்துக்காரனாக இருக்க வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. ஆள் குண்டு. ரிக்‌ஷாக்காரர்கள் அவரைக் கண்டால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். என் அறைக்கு அடுத்த அறை அவருடையது. அங்கே பெரிய கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியில் கவிழ்த்து வைத்திருப்பார். அடியில் ஒரு குழாய். அதில் ஊதினால் காற்று உள்ளே போய்த் தண்ணீரை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ளியதோ அவ்வளவு மூச்சு. ஐந்தடி ஆள் ஊத வேண்டியது எவ்வளவு, ஐந்தரை அடி ஆள் எவ்வளவு, ஆறடி ஆள் எவ்வளவு என்று ஜாடியில் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்.

"இன்னா நைனா, ஒரு தபா ஊதிட்டுப் போ." தெருவில் யார் போனாலும் இதே உபசாரம்தான். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையைக்கூட விட்டதில்லை.

அரிசி மண்டி முதலாளி ஒருநாள் வந்து ஊதினார். நாலு குமிழி வந்தது.

"மொதலாளி, மூச்சு உசரத்துக்குத்தான், எடைக்கு இல்ல. தொப்ப கீழேர்ந்து முட்டிகினு கீது. நுரையீரலு எங்க விரியும்?"

முதலாளி கம்பவுண்டருடைய தொப்பையைப் பார்த்தார்.

"நம்மளுதும் அதே கதிதான். நான் ஊதுனா ஜாடி தூங்கிடும்."

அடுத்து எலும்பும் தோலுமாக ஒரு மீன்காரர் வந்து ஊதினார். ஜாடி காலி. அன்று முழுக்கக் கம்பவுண்டர் மருந்து கலக்கவே இல்லை, மீன்காரர் புகழ்தான்.

எங்கள் வீடு மாமல்லபுரத்தில். என் தம்பி ஏழுமலை அங்கே கல் வேலை செய்துகொண்டிருந்தான். பதினாலு வயதில் உளி பிடித்தவன், இருபத்திரண்டில் மார்பு நாற்பது அங்குலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவனை நானே பெருமையாக இழுத்துக்கொண்டு போனேன். "இவன் ஊதினா உங்க ஜாடி உடைஞ்சிடும், கம்பவுண்டரே."

ஊதினான். ஐந்தடிக் கோட்டைக்கூடத் தொடவில்லை. நான் சிரித்தேன். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. மூன்று தடவை ஊதச் சொன்னார். பிறகு அவனை டீ வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"வெளிய கீறது சுத்தி அடிச்சி அடிச்சி வந்த சதை, நைனா. உள்ள மூச்சு கொறஞ்சி போச்சி. கல்லுத் தூசு போயி குந்திகினு கீது. அந்த வேலைய உடச் சொல்லு."

வீட்டில் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நல்லாகீற புள்ளய எவன் அளக்கச் சொன்னான்? கண்ணு வெச்சிட்டான் பாவி" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறவில்லை என்றால் கண் பட்டது உறுதி. எங்களுக்கு ஏறவில்லை. தம்பி மட்டும் இருமினான். அந்த இருமலை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் படித்தவன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நானும் நம்பினேன் ஐயா! மாடிப்படி ஏறினால் தம்பிக்கு இரைக்கிறது என்று தெரிந்ததும், நடுத்தெருவில் நின்று கம்பவுண்டரைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாம் உங்க கண்ணுதான்யா."

"என் கண்ணாவே இருக்கட்டும், நைனா. வேலைய மட்டும் உடச் சொல்லு."

நாங்கள் விடச் சொல்லவில்லை. மாதாமாதம் சுற்றிப் போட்டோம், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் தம்பியால் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே கிடந்தான், தூக்கமே இல்லை.

யாரும் கூப்பிடாமலே கம்பவுண்டர் பஸ் ஏறி வந்து நின்றார். அம்மா அவரை "வா" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் பாயில் உட்கார்ந்து தம்பிக்கு முதுகைக் காட்டினார். "சாஞ்சிக்க கண்ணு. மெத்தை மாதிரிதான் கீது." அந்தச் சதைமேல் முதுகைச் சாய்த்துத் தம்பி ஒரு மணி நேரம் தூங்கினான். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு லீவு போட்டுவிட்டே வந்தார். முதுகைக் கொடுத்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். தம்பி பாதிக் கதையில் தூங்கிவிடுவான்.

ஒருநாள் மத்தியானம். இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த அம்மா, பிள்ளை தூங்குகிறானே என்று அப்போதுதான் சோற்றில் கை வைத்தாள். பேசிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சட்டென்று நிறுத்தினார். தம்பியின் மூச்சு நின்றது அவர் முதுகுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. நான் பதறி எழுந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிகிறது, கையால் என்னை அமர்த்துகிறார்.

"அம்மா துன்னு முடிக்கட்டும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அம்மா சாப்பிட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வரும்வரை அந்தப் பெரிய உடம்பு அசையவே இல்லை. அதற்கப்புறம் அவள் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு தட்டுச் சோற்றுக்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.