எக்ஸ்பியை நான் காப்பாற்றிய விதம்

"என் உயிர் உள்ளவரை இந்தக் கம்ப்யூட்டரில் எக்ஸ்பிதான் ஓடும்."

2014 ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை, தோசைக்குக் காத்திருந்தபோது இப்படி ஒரு பிரகடனம் செய்தேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிமேல் கம்பெனியின் ஆதரவு கிடையாது, எல்லாரும் புதிய சிஸ்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அன்றைய பேப்பரில் வந்திருந்தது. ஆதரவில்லாததைக் கைவிடுவது கிறிஸ்தவனுக்கு அழகா?

என் மனைவி லீலாபாய் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஜின்சி விண்டோஸ் செவன் போடச் சொல்லுகா. அப்பந்தான் வீடியோல பேச முடியுமாம். பேத்திக்கு ரெண்டு வயசாவுது. நம்ம மொகத்தக் கண்டிருக்காளா?"

"போட்டோ அனுப்பியாச்சுல்லா?"

"போட்டோ பேசுமா?"

ஜின்சி எங்கள் ஒரே மகள். மஸ்கட்டில் நர்ஸ். பேத்தி அபினா அங்கேதான் பிறந்தாள். அவளைப் பார்க்க எனக்கும் கொள்ளை ஆசை. ஆனால் என் சிக்கல் வேறு. நான் ரிட்டயர்டு வாத்தியார். கருங்கல் ஊரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். சபையில் எனக்குப் பெயரே 'கம்ப்யூட்டர் சார்'தான். உண்மையில் எனக்குத் தெரிந்தது, பெட்டியை ஆன் செய்வது, சபை அறிக்கையை டைப் அடித்துப் பிரிண்ட் எடுப்பது, பெட்டியை ஆஃப் செய்வது. அவ்வளவுதான். புதிய சிஸ்டத்தில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் என் மானம் கப்பலேறிவிடும். இதையெல்லாம் கட்டிய மனைவியிடம் சொல்ல முடியுமா?

"இது அவசரத்துல எடுக்குற முடிவில்ல, லீலா. ஜெபிக்கணும்."

"எத்தன நாளு?"

"நாப்பது."

"ஒரு கம்ப்யூட்டருக்கா?"

"விசுவாசி எல்லாத்துக்கும் காத்திருப்பான்."

ஜெபம் என்று சொன்னபிறகு லீலாபாயால் எதிர்த்துப் பேச முடியாது. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அது.

தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் மன்றாடினேன். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் புதியது வரட்டும். ஆனாலும் பழையது எவ்வளவு அருமையாய் ஓடுகிறது என்பதை நீர் அறிவீர்." லீலாபாய் என்னைவிடச் சத்தமாக ஆமென் சொன்னாள். பாவம், மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் குலசேகரத்தில் ரிட்டயர்டு ஆசிரியர்களின் தியானக் கூட்டத்துக்குப் போய் மூன்று நாள் தங்கி, அங்கேயும் எக்ஸ்பிக்காக ஜெபித்தேன்.

முப்பத்துமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

ஆராதனையின் கடைசியில் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைப் போதகர் வாசிப்பார். மகன் பாஸானது, மாடு கன்று போட்டது, முட்டுவலி குறைந்தது, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் காணிக்கை கொடுப்பார்கள். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சுந்தரராஜ் சார் குடும்பம். வீட்டுக் கம்ப்யூட்டரில் செவன் சிஸ்டம் நல்லபடியாய்ப் போடக் கிருபை செய்த தேவனுக்கு நன்றியாக."

சுந்தரராஜ் நான்தான். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் கமிட்டி மெம்பர் யேசுரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, ஆள் தொணையில்லாம ஒத்தைக்கா போட்டீரு? எனக்க வீட்டுக்கும் ஒருநாள் வரணும்."

"ஆமா... ஒருமாதிரி முடிச்சேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது லீலாபாயை மறித்தேன்.

"ஏட்டி லீலா, ஆண்டவருக்க சன்னிதில பொய்யா? ஜெபம் இன்னும் ஏழு நாளு பாக்கி கெடக்கு. போடாத சிஸ்டத்துக்குக் காணிக்கையா?"

லீலாபாய் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நடக்காத காரியத்துக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லுவேனா? நீங்க குலசேகரத்துல இருக்கப்பமே பக்கத்து வீட்டு ஜாஸ்மி வந்து செவன் போட்டுத் தந்துட்டா. கம்ப்யூட்டர் சென்டர்லல்லா அவளுக்கு வேலை. ரெண்டு வாரமாச்சு."

"நான் தெனமும் அதுலதானே டைப் அடிக்கேன்! திரையில அதே பச்சைக் குன்று படம், அதே பொத்தானு!"

"எல்லாம் பழைய எடத்துலயே இருக்கணும்னு நான்தான் சொன்னேன். எடம் மாறினா உங்களுக்குத் தெரியாதுல்லா?"

ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய அவமானம், பதினைந்து நாளாக செவனில் உட்கார்ந்துகொண்டு எக்ஸ்பிக்காக ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் என்ன நினைத்திருப்பார்!

"பின்ன எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஜெபத்துல இருக்க ஆளைத் தொந்தரவு செய்யலாமா?"

வீட்டுக்கு வந்ததும் லீலாபாய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டே தட்டில் மஸ்கட்டைக் கொண்டுவந்தாள். திரையில் என் மகள். அவள் மடியில் அபினா. "அம்மச்சி!" என்று பாட்டியைப் பார்த்துக் குழந்தை கை தட்டிச் சிரித்தது. நான் சபைக் கமிட்டிக்குப் போகும் நேரமெல்லாம் இங்கே இந்தக் கொஞ்சல்தான் நடந்திருக்கிறது. என் வறட்டுக் கௌரவத்தால் இந்தச் சிரிப்பை இத்தனை நாள் தவறவிட்டேனே! கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோனேன்.

குழந்தை சிரிப்பை நிறுத்தியது.

"அம்மச்சி, இது ஆரு?"

"கம்ப்யூட்டர் ரிப்பேரு செய்ய வந்த ஆளு மக்கா" என்றாள் லீலாபாய்.