தொட்டி அண்ணையின் மஞ்சள் பெனியன்

ஒரு மீனைப் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே பிறந்தது என்று சொல்லக்கூடியவர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரே இருந்தார். யாரும் கேட்காமலே சொல்வார் என்பதுதான் சங்கடம்.

தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் அவர் அலங்கார மீன் விற்றார். ஊருக்கு அவர் தொட்டி அண்ணை. அவருடைய சோதனை எளிமையானது. கண்ணாடியில் விரலை வைப்பார். ஓடி ஒளித்தால் ஆற்றில் பிடித்த மீன்; விரலை நோக்கி வந்தால் தொட்டியில் பிறந்தது. ஆற்று மீனைக் கடைக்குள்ளேயே எடுக்கமாட்டார். கொண்டுவரும் வியாபாரியைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, பிடிச்ச இடத்திலயே கொண்டுபோய் விடு" என்பார்.

இந்தச் சோதனை மீன்களோடு நிற்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டி என் காதுக்குள் சொன்னார்: "பொடியன் ஆத்து மீன். சாப்பாட்டு மேசையைத் திறந்து அரை மணித்தியாலம், இன்னும் மூலையில நிக்கிறான்."

மேல்மாகாண ஓடைகள் சிலவற்றில் மட்டும் இருக்கும் ஓர் அரிய சிறு மீனை அவர் பின்னறையில் ஆறு வருடமாகப் பெருக்கிவந்தார். வளர்க்க அனுமதி இருந்தது, பிடிக்க இல்லை. அவை போன கிழமை ஓடையில் பிடித்தவை என்று யாரோ தொலைபேசியில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதிகாரி ஒருவர் வரப்போவதாகத் தகவல் வந்தது. உண்மையென்றால் எல்லா மீனும் பறிபோகும்.

"நீர் பேப்பரில எழுதிறவர். பக்கத்தில வந்து நில்லும்" என்றார் தொட்டி அண்ணை. போய் நின்றேன்.

தொட்டி அண்ணையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீளக் காற்சட்டை, முழுக்கை வெள்ளைச் சட்டை, மகளின் கலியாணத்துக்கு வாங்கிய கழுத்துப்பட்டி, முகத்தில் பவுடர். அதிகாரியிடம் சரளமான சிங்களத்தில் பேசினார். இவை தன் கையில் பிறந்தவை, விரலைக் காட்டினால் பிள்ளைகள் மாதிரி ஓடி வரும் என்றார். காட்டினார்.

நாற்பது மீன்களும் ஒரே பாய்ச்சலில் தொட்டிக்குள் கிடந்த மரவேர்களுக்குள் மறைந்தன.

அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். உடன் வந்தவர் பொலித்தீன் பைகளை உதறி விரித்தார். தொட்டி அண்ணையின் விரல் கண்ணாடியிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

கடையோடு ஒட்டிய வீட்டுக் குசினியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "உந்த வேசத்தில எனக்கே உங்களை ஆரெண்டு தெரியேல்லை. மீனுக்கு எப்பிடித் தெரியும்? கழட்டுங்கோ."

ஐந்து நிமிடத்தில் வழக்கமான கோலத்தில் வந்தார்: கட்டம் போட்ட சாரம், ஓட்டைகள் விழுந்த மஞ்சள் பெனியன். விரலை வைத்தார். வேருக்குள்ளிருந்து ஒரு மூக்குத் தெரிந்தது. பிறகு நாற்பதும் கண்ணாடியில் முட்டி மோதின.

அதிகாரி தன் விரலை வைத்தார். ஓடின. தொட்டி அண்ணையை மறுபடி வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். ஓடின. பெனியன், வந்தன. மூன்றாம் முறை மாற்றச் சொன்னது விசாரணைக்காக அல்ல, வேடிக்கைக்காக என்பது என் கணிப்பு.

"போன கிழமை பிடித்த மீனுக்கு உங்களுடைய பெனியனைத் தெரிந்திருக்காது" என்று சிங்களத்தில் சொல்லி, எழுதிய வரியை வெட்டினார். பைகள் மடிக்கப்பட்டன.

போன வருடம் தொட்டி அண்ணை மகளோடு இருக்கக் கனடா போனார். மீன்களை வளர்ப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அனுமதிக்கான எழுத்து வேலையெல்லாம் முடித்து ஐந்தை எனக்குத் தந்தார். கூடவே ஒரு பொட்டலம். உள்ளே பெனியன். "இதைப் போட்டுக்கொண்டு சாப்பாடு போடும். இல்லாட்டிப் பட்டினி கிடக்குங்கள்."

அதை நிலம் துடைக்கும் துணியாக்க என் மனைவி இரண்டு தடவை முயன்றுவிட்டாள். நான் விடவில்லை.

அண்மையில் வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டேன்.

"நேற்று ஒரு பிறந்தநாள் பார்ட்டி, தம்பி. எல்லாரும் சாப்பிடினம். நான் மூலையில நிக்கிறன்."

பெனியனைப் போட்டுக்கொண்டு, கைபேசியைத் தொட்டிக்குக் காட்டியபடி விரலை வைத்தேன். ஐந்தும் ஓடி வந்தன.

என்னிடம் அல்ல.