மாடி வீட்டுக்கு ஒரு ஸ்தோத்திரம்

நன்றி சொல்லிக் கெட்டவன் என்று உலகத்தில் யாராவது உண்டா? உண்டு. நான்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைக்குப் பின்னால் நாலு சந்து தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் குடித்தனம். இடவப்பாதி (ஜூன் மழைக்கு இந்த ஊர் மலையாளிகள் வைத்த பெயர்) பிடித்தால் சாக்கடைத் தண்ணீர் யாரையும் கேட்காமல் அடுப்படி வரை வரும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்தியிருந்தார்கள். என் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதம். மழைக்கு முன்னால் மாடிக்குப் போய்விட வேண்டும். எங்களுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

மாடியில் தங்கராஜ் அண்ணாச்சியும் ரோஸ்லின் அக்காவும் இருந்தார்கள். நாகர்கோவில்காரர்கள், எங்கள் சபைதான். அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நான் போய்க் கெஞ்சியதில் வீட்டுக்காரர் மனமிரங்கி, "மேலத்தெ வீடு நினக்குத் தராம். அவரோடு ஞான் பறஞ்ஞோளாம். நீ மிண்டண்டா" என்றார். அதாவது, அவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வாராம்; நான் வாயைத் திறக்கக் கூடாதாம். (என்னிடம் போய் இதைச் சொன்னார் பாருங்கள்.) அண்ணாச்சிக்கு எங்கே போனாலும் வீடு கிடைக்கும் என்று என் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பாஸ்டர், தினமும் நன்றி சொல்வதைப் பற்றி வாராவாரம் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் பத்து ஸ்தோத்திரம். கிடைத்ததற்கு மட்டுமல்ல, கிடைக்கப்போவதற்கும், கிடைத்துவிட்டதாகவே நம்பிச் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. கரண்ட் போனால் ஸ்தோத்திரம், பஸ் போனால் ஸ்தோத்திரம். ஒருநாள் பால் திரிந்ததற்கும் சொல்லி வைத்தேன்.

"திரிஞ்ச பாலுக்குமா? அப்ப அந்த ஸ்தோத்திரத்துலயே காப்பி போட்டுக் குடிங்க" என்றாள் எஸ்தர்.

பத்தாவது ஸ்தோத்திரம் மட்டும் தினமும் மாடி வீட்டுக்கு. ஒரு மாதம் சொன்னதில் நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

மே பிறந்தது. வீட்டுக்காரர் இன்னும் மாடிக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதே மாடி வீட்டில் ஜெபக்கூட்டம். இருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். அடுப்படியிலிருந்து பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) வாசனை. கடைசியில் பாஸ்டர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க நன்றி ஜெபம் பண்ணி முடிங்க" என்றார்.

கண்ணை மூடினேன். காலையில் சொல்வதெல்லாம் வரிசையாக வந்தது. ஜீவனுக்காக, சுகத்துக்காக, வேலைக்காக... ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஸ்தோத்திரம்!" என்றது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"ஆண்டவரே, இந்த மாடி வீட்டை, கிழக்கே பார்த்த ஜன்னலோடும் நிற்காத குழாய்த் தண்ணீரோடும் எங்களுக்குத் தந்தீரே!"

"ஸ்தோத்திரம்!" எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது ரோஸ்லின் அக்கா.

"இதில் குடியிருந்த அண்ணாச்சிக்கு இதைவிட மேலான வாசஸ்தலத்தை ஆயத்தம் பண்ணினீரே!"

ஸ்தோத்திரம் வரவில்லை. அண்ணாச்சி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் சபையில் மேலான வாசஸ்தலம் என்றால் பரலோகம்தான். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லேய், என்ன எங்க போகச் சொல்லுத?"

"தம்பி பொதுவா, ஆவிக்குரிய வீட்டச் சொல்லுறாரு" என்று பாஸ்டர் என்னைக் கரையேற்றப் பார்த்தார். நானும் பேசாமல் ஏறியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி பயந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், "ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி! வீட்டுக்காரர் இந்த வீட்ட எங்களுக்குத் தாறேன்னு சொல்லிட்டாரு, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னேன்.

பழம்பொரி எனக்கு வரவில்லை. எஸ்தருக்கு மட்டும் இரண்டு வந்தது. மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு அண்ணாச்சி வீட்டுக்காரரைப் பிடித்து, ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்கு நீட்டிவிட்டார். வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டு, "மிண்டண்டான்னு பறஞ்ஞதல்லே?" என்று கத்தினார்.

"நான் அவங்ககிட்ட சொல்லல சார், ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஜூன் முதல் வாரம், ஒரு விடியற்காலை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். எஸ்தர் அழ ஆரம்பித்தாள். நான் மிதந்து போகும் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். படியில் தடதடவென்று யாரோ இறங்கும் சத்தம். ரோஸ்லின் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சாக்கடைத் தண்ணீரில் வந்து நின்றார்.

"பிள்ளத்தாச்சிய தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? ஏறி வாங்க மேல!"

கிழக்கு ஜன்னலுக்கடியில் எங்களுக்குப் பாய் விரித்ததும் அக்காதான். அங்கே ஒன்பது நாள் இருந்தோம். முதல் நாள் காலையில் வழக்கம்போல ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பால் திரிந்ததற்கெல்லாம் நன்றி சொன்னவனுக்கு, உண்மையாக நன்றி தோன்றிய அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அக்கா காப்பியை நீட்டினார். "எதுக்கு அழுதிய? கேட்ட வீடுதான் கெடச்சாச்சே. எங்கள கொசுறுன்னு வச்சுக்கிடுங்க."

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம், அதுவும் மாடிதான். சபையில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். நான் கண்ணை மூடியதும் ரோஸ்லின் அக்காவோ, அவர் இல்லாவிட்டால் என் மகளோ, கட்டாயம் ஒரு குரல் கொடுப்பார்கள்:

"சாப்பாட்டுக்கு மட்டும் நன்றி சொன்னாப் போதும். வீட்டத் தொட்டுராதிய!"