வேணாஞ்சார் காட்டிய வீடு

வீட்டை விற்கக் கூடாது என்பதற்காகவே வீட்டுப் புரோக்கராக இருந்தவர் உலகத்தில் ஒருவர்தான். கொடைக்கானலில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த வீட்டைக் காட்டினாலும் "வேணாம் சார்" என்று முடிப்பார்; அதனால் வேணாஞ்சார்.

நாங்கள் பார்க்கப் போனது வெள்ளைக்காரர் காலத்துக் கல் வீடு. தகரக் கூரை சல்லடை. தரைப் பலகையில் காளான். ஆனால் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இருந்தால் இந்த வீடு, இல்லாவிட்டால் மதுரைக்கே திரும்பிவிடலாம் என்றாள்.

"வேணாம் டீச்சர். பின்னால ரூம்ல யாரோ இருமுறாங்க. முன்ன பாக்க வந்தவுக எல்லாம், வந்த ஜீப்பைக்கூட விட்டுட்டு ஓடிட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை. உடைந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. பின்னறையில் 'லொக் லொக்'. வயதான, களைத்த இருமல். வீரனான நான் மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவள் நேரே அந்த அறைக்குள் போனாள். ஆள் இல்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு ஈரத்துல கெடந்தா யாருக்குத்தான் இருமல் வராது? அண்ணே, மொதல்ல இங்க கணப்பு மூட்டணும்" என்றாள்.

வேணாஞ்சாருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பு அவர் முடித்துக்கொடுத்த பழைய வீடு ஒன்றை, வாங்கியவர் ஒரே வாரத்தில் இடித்து லாட்ஜ் கட்டிவிட்டாராம். அன்று முதல் வருகிறவர்களை விரட்டுவதே அவர் தொழில்.

"நீங்க இடிக்க மாட்டீங்க டீச்சர். வாங்கிக்கங்க."

"அப்ப அந்த இருமல்?" என்றேன் நான்.

"நாந்தான் சார், பின்பக்கமாப் போயி இருமுவேன்."

"இப்ப எங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"அதான் சார் எனக்கும் வெளங்கல" என்றவர் எனக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தார்.

ஆனாலும் வீட்டை நாங்கள் வாங்கிப் பழுதுபார்த்த நாளெல்லாம் வெள்ளனே வந்துவிடுவார். "ஏலே, மெதுவா அடிங்க, உள்ள ஆளு தூங்குது" என்பார். பாவம், ஆசாரிகள் ஆணியைக் கெஞ்சிக் கெஞ்சி அடித்தார்கள். கணப்பு மூட்டிய முதல் நாள், காபி டம்ளரோடு பின்னறையில் உட்கார்ந்திருந்தவர் லேசாக இருமினார். மூலையிலிருந்து பதில் வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை.

போன ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி முற்றி அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் அழுதோம்.

இப்போதும் பனி இறங்கினால் பின்னறையில் இருமல் கேட்கிறது. ஒன்றல்ல, இரண்டு. எனக்குப் பயமாக இல்லை. ஒருவர் எங்கள் ஆள்தானே.