இடப்பக்கம் திரும்பிய பை

யாரும் தொடவில்லை. சன்னல் மூடியிருந்தது, காற்றும் இல்லை. இருந்தும், உத்தரத்துக் கொக்கியில் கட்டிய கயிற்றில் தொங்கிய அக்காவின் முதுகுப்பை தானாகவே இடப்பக்கம் சுழன்று, யோசிப்பதுபோல் நின்றது. ஏன் சுழன்றது என்று சின்னவளுக்கு விளங்கவில்லை.

கூடத்தில் நெருக்கியடித்து நின்ற மற்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை.

நாடு நாடாகப் பையைச் சுமந்து திரியும் இளசுகள் தங்கும் மலிவு விடுதி அது. அடுக்குக் கட்டில்கள், கம்பியெல்லாம் காயும் காலுறைகள், ஒரே ஒரு பிளக் பாயிண்டுக்கு நீண்ட வரிசை. வரைபடத்தை நம்பாதவர்கள், வானிலை அறிக்கையை நம்பாதவர்கள், பெற்றவள் சொல்லையே நம்பாதவர்கள் எல்லாரும் அங்கே பைச்சாமியை நம்பினார்கள்.

பைச்சாமி இளைஞர்தான். சடைமுடி, வெறுங்கால், வெண்ணெய் தடவிய குரல். பைக்கும் ஆன்மா உண்டு என்பது அவர் கண்டுபிடிப்பு. பையைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவார். அது இடப்பக்கம் சுழன்றால் பயண தோஷம். எல்லாப் பையும் இடப்பக்கம்தான் சுழன்றது. உலகத்துக்கே தோஷம் பிடித்திருந்தால் பாவம், அவர் என்ன செய்வார்?

பரிகாரம் சுலபம். பையில் இருப்பதிலேயே கனமானதையும் விலை உயர்ந்ததையும் சாமியிடம் விட்டுவிட வேண்டும். விட்டபின் தொங்கவிட்டால் பை குறைவாகச் சுழலும். கூட்டம் மெய்சிலிர்க்கும். மலையேறும் காலணியை அப்படி விட்ட நெட்டையன் ஒருவன், இரண்டு நாள் கழித்து அடுத்த தெருப் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்து, “அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடா” என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான்.

அக்காவும் குளிர்ச்சட்டையையும் முடி உலர்த்தியையும் விட்டாயிற்று. பை குறைவாகத்தான் சுழன்றது. ஆனாலும் சுழன்றது.

“மிச்ச தோஷம் பைல இல்லம்மா,” என்றார் சாமி, பெருமூச்சோடு. “கூட வர்றவகிட்ட இருக்கு. கேமராவ இங்க வச்சிட்டு நாளைக்கே வீட்டுக்குக் கிளம்பிடு.”

‘அக்கா கூடன்னா போ’ என்ற ஒற்றை நிபந்தனையில்தான் அப்பா சின்னவளை விமானம் ஏறவிட்டிருந்தார். அக்கா திரும்பினால் அவள் பயணத்துக்கும் முழுக்குத்தான்.

“அக்கா, இதையெல்லாமா நம்புற?”

“ரெண்டு ரயில விட்டோம்ல? என் கால் சுளுக்கிச்சுல்ல?”

“ரயில விட்டது நீ கண்மை போட்டுட்டு நின்னதால. கால் சுளுக்கினது அந்தக் குதிகால் செருப்பால. மலைக்கு யாராவது அதைப் போடுவாங்களா?”

“வாய் மட்டும் நீளுது. சாமி பைய தொட்டாராடி? தொடாம எப்படித் திரும்புது, நீயே சொல்லு.”

தெரியாத ஒன்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் பையை மாற்றலாம் என்று, சலவை அறையில் கிடந்த ஈரப் போர்வை மூட்டையை அவள் தரதரவென்று இழுத்து வந்தாள்.

“சாமி, இதையும் கொஞ்சம் பாருங்க.”

“யாரோடது இது?”

“விடுதியோட அழுக்குத் துணி. எங்கயும் போகப்போறதில்ல. பயணமே போகாததுக்குப் பயண தோஷம் வருதான்னு பாத்துருவோம்.”

கூட்டம் சிரித்தது. மூட்டை சிரிக்கவில்லை. அக்காவின் பையைவிட அதிகமாக, கம்பீரமாக இடப்பக்கம் சுழன்றது.

“அதுல படுத்தவங்க தோஷம்,” என்றார் சாமி, கண் இமைக்காமல். கெட்டிக்காரர்.

“சரி சாமி. அப்ப அக்கா பையவே மாட்டுவோம். கயிற மட்டும் மாத்திக்கிறேன்.”

துணி காயப்போட வைத்திருந்த பின்னல் கயிற்றை அவள் எடுத்ததும், சாமியின் கைகள் முதன்முறையாக முதுகைவிட்டு முன்னால் வந்தன. “மந்திரிச்ச கயிறும்மா, அவுக்கக் கூடாது.”

“யாரு அவுத்தா? பக்கத்துக் கொக்கியில கட்டுறேன்.”

சாமியிடம் விட்டிருந்த குளிர்ச்சட்டை, முடி உலர்த்தி, கூடவே கேமரா, தோஷம் எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே பையில் திணித்துத் தொங்கவிட்டாள். பை அசையவில்லை. சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல் அப்படியே தொங்கியது.

நெட்டையன் மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தான். “டேய், அப்ப இது என்னோடதேதானா?”

சாமி கதவுப் பக்கம் நகர்ந்தார். கதவை மறித்துக்கொண்டு அரை டஜன் வெறுங்கால்கள் நின்றன.

“எப்படிடி?” என்றாள் அக்கா. கேமராவை அதற்குள் கழுத்தில் மாட்டியிருந்தாள். “காலைல முதல் பஸ்ஸு நமக்கு. அதுக்குள்ள புரியுற மாதிரி சொல்லு.”

சின்னவள் இரண்டு கயிறுகளையும் அவள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னாள். விஷயம் இவ்வளவுதான். சாமியின் கயிறு மூன்று இழைகளை ஒரே பக்கமாக முறுக்கித் திரிக்கப்பட்டது. பாரம் தொங்கினால் முறுக்குக் கொஞ்சம் அவிழும். அவிழும்போது பையைத் திருப்பும். பாரம் கூடினால் கூடுதலாகத் திருப்பும், குறைந்தால் குறைவாக. இறக்கிவிட்டால் பழையபடி முறுக்கிக்கொண்டு அடுத்த ஏமாளிக்குத் தயாராகிவிடும். பின்னல் கயிற்றில் பாதி இழைகள் வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஓடுவதால் ஒன்றின் இழுப்பை மற்றது அடக்கிவிடும், பை திரும்பாது. ஆகவே, யார் எதைத் தொங்கவிட்டு உங்கள் விதி என்றாலும், பையைக் காலி செய்யுமுன் கயிற்றை மாற்றிப் பாருங்கள்.